குருணைகளுக்கு நடுவே

பெட்டியைத் திறந்தபோது உள்ளே இருந்தது வெறும் சருகு. மூன்று வாரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடுக்கிய உலோக ரிப்பன்கள், வழிநெடுக லாரியில் குலுங்கியதில் மீன் செதில் மாதிரி உதிர்ந்து கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே கிடந்தன. ஒரு துண்டு முழுசாகத் தெரிந்தது. இடுக்கியால் தொட்டேன். அதுவும் இரண்டானது.

நியூட்ரான் கூடத்தில் எனக்குக் கொடுத்திருந்தது மூன்றே நாள். மறுநாள் மதியம் பன்னிரண்டு மணிக்குத் தொடக்கம். அதற்காக விண்ணப்பம் போட்டு, திருத்தி, மறுபடி போட்டு ஒன்றரை வருஷம் காத்திருந்தேன்.

அங்கே நான் அளவெடுக்கவிருந்த கருவிக்குப் பொறுப்பானவரை எல்லாரும் நெட்டை சார் என்றுதான் கூப்பிடுவார்கள், அவர் முன்னாலேயே. வார்த்தையை அளந்து பேசுகிற மனிதர். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"நாளைக்கு மதியம் வைக்க ஏதாவது இருக்குமா?"

"இருக்கும் சார்."

"என்ன இருக்கும்?"

நான் பெட்டியை மூடினேன். "வரிசையில ரெண்டு பேர் நிக்கறாங்க. காலையில எட்டு மணிக்குச் சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ரிப்பனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரும்போடு வேறு சில சேர்மானங்களை உருக்கி, வேகமாகச் சுழலும் செப்புச் சக்கரத்தின் மேல் ஊற்றினால், கண்மூடித் திறப்பதற்குள் உறைந்து நாடாவாக ஓடி வரும். தலைமுடியின் கனத்தில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். அந்த நிலையில் துணி மாதிரி வளையும். அதை உலையில் சுட்டால் உள்ளுக்குள்ளே கோடிக்கணக்கான நுண்ணிய இரும்புப் படிகங்கள் முளைக்கும். பிறகு அதைப்போல இணக்கமான காந்தப் பொருளைப் பார்ப்பது அரிது. இந்தப் பக்கம் திரும்பு என்றால் திரும்பும், அந்தப் பக்கம் என்றால் அந்தப் பக்கம், முணுமுணுக்காமல். மின்மாற்றிகளின் வயிற்றுக்குள் இருக்கும் வளையத்தை அதைச் சுற்றித்தான் செய்கிறார்கள். ஒரே தொல்லை, சுட்ட பிறகு முறைத்துப் பார்த்தாலே உடையும்.

என் அண்ணி அப்படிப்பட்ட வளையம் சுற்றும் தொழிற்சாலையில் பத்தொன்பது வருஷமாக வேலை செய்கிறார். என் ஆராய்ச்சிக்கு ரிப்பன் வாங்குவதும் அங்கேதான். ஆனாலும் விசேஷங்களில் பார்த்துக்கொண்டால் உடம்பு எப்படி, பிள்ளைகள் எப்படி என்பதோடு எங்கள் பேச்சு முடிந்துவிடும். அண்ணன் மட்டும் எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பான்: "என் வீட்டுல ஒருத்தி இரும்பைச் சுத்தறா, இன்னொருத்தி இரும்பையே சுத்திச் சுத்தி வர்றா."

அன்று வேறு வழி தெரியாமல் அண்ணிக்குப் போன் போட்டேன்.

"அண்ணி, ஒரு உதவி."

"நீயா கூப்பிட்டா உதவியாத்தான் இருக்கும். சொல்லு."

சொன்னேன். அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது.

"சுட்டதையா கண்ணாடியில ஒட்டி லாரியில ஏத்துன? படிச்சவதானே நீ? வெட்டி அடுக்கிட்டு அப்புறம்ல சுடணும். சுட்டதுக்கு அப்புறம் கைக்குழந்தை மாதிரி, இடம் மாத்தக் கூடாது. அங்க உலை இருக்கா?"

"சின்னதா ஒண்ணு இருக்கு. காத்தை உறிஞ்சிட்டுச் சுடலாம்."

"அப்ப நான் வர்றேன். சுடாத பச்சை ரிப்பனா ரெண்டு ரோல் கொண்டு வர்றேன். நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு பஸ்ஸ்டாண்டுக்கு வந்துரு."

"உங்களுக்கு வேலை இல்லையா அண்ணி?"

"அது கிடக்குது" என்றார்.

ஆறு மணிக்கு அண்ணி பஸ்ஸிலிருந்து இறங்கியபோது தோளில் துணிப்பை, கையில் பிஸ்கட் டின். டின்னுக்குள் பஞ்சில் பொதிந்த இரண்டு ரிப்பன் ரோல்கள். ஒன்றில் பச்சை நூல் கட்டியிருந்தது, மற்றதில் சிவப்பு.

வாசலில் காவலர் அண்ணியின் சட்டையில் கதிர்வீச்சை அளக்கும் சின்ன அட்டையைக் குத்தி, "இதைக் கழட்டக் கூடாதும்மா" என்றார். "கழுத்துல போட்டதையே பத்தொன்பது வருஷமா கழட்டல, இதையா கழட்டப் போறேன்" என்றார் அண்ணி. சிரித்தே பழகாத காவலர் சிரித்துவிட்டார்.

தயாரிப்பு அறையில் கையைக் கழுவி ஈரம் போகத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் வெட்டும் கருவியை எடுத்து வைத்தேன். அண்ணி அதை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பையிலிருந்து தன் கத்திரிக்கோலை எடுத்தார். விரல் நீளத்துக்கு ஒன்று, அதன் மேல் இன்னொன்று. எல்லாத் துண்டும் ஒரே திசையில், மினுமினுப்பான பக்கம் மேலே. பத்து அடுக்கானதும் இரண்டு பீங்கான் தகடுகளுக்கு நடுவே வைத்து, விரல்நுனியால் ஒரு தடவு தடவினார். பத்தும் ஒன்றே போலப் பொருந்திக்கொண்டன. நான் மூன்று வாரத்தில் செய்ததை அவர் முக்கால் மணி நேரத்தில் முடித்தார்.

நடுவில் கேட்டேன்: "சிவப்பு நூல் என்ன அண்ணி?"

கத்திரிக்கோல் ஒரு கணம் நின்றது.

"நாலு மாசம் முன்னாடி இந்த ரோல்ல சுத்துன இருநூறு வளையம் திரும்பி வந்துச்சு. வாங்குனவங்க மெஷின்ல சூடேறினா காந்தம் முரண்டு பிடிக்குதாம். ரிப்பனை எக்ஸ்ரேயில பாத்தாங்க, மைக்ராஸ்கோப்புல பாத்தாங்க. நல்ல ரிப்பன் மாதிரியேதான் இருக்குன்னுட்டாங்க. அப்ப தப்பு எங்க? சுத்துன கையில. நான் இறுக்கிச் சுத்திட்டேனாம். இப்ப நான் பேக்கிங்ல இருக்கேன். அட்டைப் பெட்டி மடிக்கறேன்."

"அண்ணன் சொல்லவே இல்லையே."

"நான்தான் சொல்ல வேணாம்னேன்." மறுபடி வெட்ட ஆரம்பித்தார். "இப்ப பாரு, ரெண்டு ரோலும் ஒரே உலையில சுடப் போகுது. ரெண்டையும் நான் சுத்தவே இல்ல, தட்டையா வெச்சிருக்கேன். இதுல ஒண்ணு முரண்டு பிடிச்சா அதுக்கு என் கை பொறுப்பாகுமா?"

ஒன்றரை வருஷம் யோசித்து நான் எழுதிய திட்டத்தைவிடச் சுத்தமான சோதனை அது.

எட்டு மணிக்கு நெட்டை சார் வந்தார். உலைக் கதவருகே அண்ணி காவல் நிற்பதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். உலை ஆறியதும் அண்ணி மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு தாளை அடியில் செருகி, அடுக்குகளை அளவெடுக்க வைக்கும் சட்டத்துக்குள் நழுவவிட்டார். ஒரு செதில்கூட உதிரவில்லை.

பன்னிரண்டு மணிக்குக் கூடத்துக்குள் போனோம். அண்ணி வாசலிலேயே நின்றுவிட்டார். மூன்று மாடி உயரத்துக்குக் கூரை. அதன் கீழே வீடு வீடாக அடுக்கியது போலக் கான்கிரீட் கட்டிகள், தரையில் மஞ்சள் கோடுகள். அந்தப் பக்கச் சுவருக்குப் பின்னால் அணு உலை. அங்கே பிறக்கும் நியூட்ரான்களைக் குளிரவைத்து, குழாய் வழியாக இங்கே அனுப்புகிறார்கள். பாதையின் நடுவே ஒரு மின்காந்தம். அதன் இரு முனைகளுக்கு இடையே எங்கள் ரிப்பன். அதற்கும் அப்பால், ஒரு பேருந்தே நுழையக்கூடிய நீண்ட இரும்பு உருளை. உள்ளே காற்று கிடையாது. அதன் கடைக்கோடியில்தான் நியூட்ரான்களைப் பிடிக்கும் பலகை.

"இம்மாம் பெரிய ஏற்பாடு, இந்த ரிப்பன் துண்டுக்கா?" என்று அண்ணி குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அதுக்குள்ள இருக்கறதுக்கு. உங்க நகம் பத்து விநாடியில எவ்வளவு வளருமோ, அவ்வளவுதான் ஒரு படிகம்."

அண்ணி தன் கட்டைவிரல் நகத்தையே சற்று நேரம் பார்த்தார். "அப்ப குருணைன்னு சொல்லு. உள்ள அத்தனையும் குருணை."

"ஆமா. குருணைக்கும் குருணைக்கும் நடுவுல, படிகமாகாத இரும்பு கொஞ்சம் மிச்சம் இருக்கும்."

"செங்கல்லுக்கு நடுவுல சாந்து மாதிரி."

அதற்குப் பிறகு அந்த மூன்று நாளும் எங்களுக்கு அவை குருணையும் சாந்தும்தான். நெட்டை சாரும் அப்படியே சொல்லத் தொடங்கிவிட்டார்.

கட்டுப்பாட்டு அறையில் திரை முன்னால் உட்கார்ந்தோம். முதலில் பச்சை நூல் ரிப்பன். நெட்டை சார் நியூட்ரான் குழாயின் அடைப்பைத் திறந்தார். கறுப்புத் திரையில் ஒரு புள்ளி விழுந்தது. இன்னொன்று. பிறகு பொலபொலவென்று.

"ஒவ்வொரு புள்ளியும் ஒரு நியூட்ரான், அண்ணி. அதுவே ஒரு குட்டிக் காந்த ஊசி. நமக்கு இரும்பு சுவர், அதுக்கு இரும்பு ஜன்னல். உள்ள நுழைஞ்சு, அங்க காந்தம் எப்படி எப்படித் திரும்பியிருக்கோ அதுக்கு ஏத்த மாதிரி கொஞ்சம் திசை மாறி வெளியில வரும்."

"போய்ட்டு வந்து சேதி சொல்லுது."

"ஆமா."

முதலில் காந்தத்தை முழு பலத்தில் வைத்து, விழுந்த புள்ளிகளை எண்ணினோம். அந்தப் பலத்தில் ரிப்பனுக்குள் எல்லாமே இடமிருந்து வலமாக அணிவகுத்து நிற்கும். பிறகு பலத்தைக் குறைத்து மறுபடி எண்ணினோம். இரண்டாவது படத்திலிருந்து முதல் படத்தைக் கழித்தால், வரிசையில் நிற்காதவை மட்டும் மிஞ்சும். கழிக்கும் பொத்தானை அழுத்தினேன்.

திரையில் நான்கு இதழ் விரிந்திருந்தது.

மேலே இல்லை, கீழே இல்லை, பக்கவாட்டிலும் இல்லை. நான்கு மூலைகளை நோக்கிச் சாய்ந்த நான்கு ஒளி இதழ்கள். புத்தகத்தில் பார்த்திருக்கிறேன், கணக்குப் போட்டும் பார்த்திருக்கிறேன். என் கண் முன்னால் அது முளைத்தது அன்றுதான்.

"என்னடி இது? பூவா?"

விளக்கினேன். குருணை வலுவான காந்தம், சாந்து அதைவிடச் சோப்ளாங்கி. அதனால் குருணையின் காந்தம் அதற்குள் அடங்காமல் ஒரு முனையில் வழிந்து, வெளியே வளைந்து, சுற்றிக்கொண்டு மறுமுனையில் நுழைகிறது. அந்த வளைவில் அகப்பட்ட சாந்து, வரிசையை விட்டு மூலை வாக்கில் சாய்கிறது. நான்கு பக்கமும் அப்படி. நாங்கள் பார்த்தது அந்தச் சாய்வை.

"ஒரு குருணையைச் சுத்தியா?"

"எல்லாக் குருணையையும் சுத்தி. இப்ப நியூட்ரான் விழற இடத்துல எத்தனை இருக்கு தெரியுமா? கோடியைக் கோடியால பெருக்கி, அதையும் நூறால பெருக்குங்க. அத்தனையும் ஒரே மாதிரி சாயறதால தான் நமக்குத் தெரியுது."

அண்ணி நாற்காலியை விட்டு எழுந்து திரைக்கு அருகில் போனார். தொடப் போவது போலக் கையை நீட்டி, தொடாமல் நிறுத்திக்கொண்டார்.

"பத்தொன்பது வருஷம்" என்றார். "இதையா நான் சுத்திக்கிட்டு இருந்தேன்?"

கதவருகே நெட்டை சார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் இப்படி எத்தனை நூறு படங்களைப் பார்த்திருப்பார்! "எனக்கும் ஒவ்வொரு தடவையும் இப்படித்தான்மா" என்றார். அன்று அவர் பேசியதிலேயே நீளமான வாக்கியம் அதுதான்.

அடுத்து சிவப்பு நூல் ரிப்பன். அதிலும் அதே நான்கு இதழ். ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. அண்ணியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. எக்ஸ்ரேயும் மைக்ராஸ்கோப்பும் சொன்னதைத்தான் நியூட்ரானும் சொல்கிறதா?

"ஏன் மூஞ்சியைத் தொங்கப் போட்டிருக்க?" என்றார் அண்ணி. "குளிர்ல அது நல்ல பிள்ளைதான். நாலு மாசமா கத்தறேன், சூடேத்திப் பாருங்கன்னு. நீயாவது சூடேத்து."

ரிப்பனைச் சுற்றிச் சின்ன அடுப்பு ஒன்றைப் பொருத்த மாலையாகிவிட்டது. முதலில் பச்சை நூலை வைத்தோம். இரவெல்லாம் கருவி தானாக எண்ணட்டும் என்று விட்டுவிட்டு விருந்தினர் அறையில் போய்ப் படுத்தோம். காலையில் வந்து பார்த்தால் நூற்றிருபது டிகிரி வரை நான்கு இதழும் அப்படியே இருந்தன. சூட்டில் கொஞ்சம் பிரகாசம் கூடியிருந்தது, அவ்வளவுதான்.

சிவப்பு நூலை வைத்தோம். நாற்பது டிகிரியில் இதழ்கள் இருந்தன. அறுபதில் பச்சையில் பார்த்ததைவிடப் பளிச்சென்று விரிந்தன. எழுபத்தைந்தில் கண்ணைப் பறித்தன.

"நல்லாத்தானே இருக்கு?" என்றார் அண்ணி.

"இல்ல அண்ணி. சாந்து பலம் இழக்குது. அது மெலிய மெலியத்தான் குருணையிலேர்ந்து வழியறது கூடும். அதான் இவ்வளவு பிரகாசம்."

தொண்ணூறு டிகிரியில் புள்ளிகள் விழ ஆரம்பித்தன. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். இதழ் வரவில்லை. நடுவில் அதுவரை இருந்த அடர்ந்த ஒளி கரைந்து, மெல்லிய மூடுபனி மாதிரி திரை முழுக்கப் பரவியது. நான் அளவைக் கணக்கிட்டேன், இரண்டு தடவை.

"என்ன ஆச்சு?"

"சாந்து காந்தத்தை விட்டுடுச்சு. இதுவரைக்கும் அது வழியாத்தான் குருணைங்க ஒண்ணோட ஒண்ணு கை கோத்துக்கிட்டு இருந்துச்சு. ஆயிரக்கணக்குல சேர்ந்து, ஒரே ஆள் மாதிரி திரும்பிக்கிட்டு இருந்ததுங்க. இப்ப ஒவ்வொண்ணும் தனி."

"அதான் முரண்டு."

"அதேதான். தனித்தனியா நின்னா ஒவ்வொண்ணும் அது அது இஷ்டத்துக்கு இழுக்கும். பச்சை நூல்ல சாந்து நூத்திருபதுலயும் கையை விடல. இதுல தொண்ணூறுக்கே விட்டுடுச்சு. ரிப்பன் வார்க்கும்போதே சேர்மானம் தப்பியிருக்கு அண்ணி. சுத்துனதுல இல்ல."

சொல்லிவிட்டு, அண்ணி அழப் போகிறார் என்று நினைத்தேன். அவர் நான் சொன்னதைக் கேட்டதாகவே தெரியவில்லை. கண் திரையை விட்டு நகரவில்லை.

"ஆறவிடு" என்றார்.

"எதுக்கு?"

"ஆறவிட்டா திரும்பச் சேருமான்னு பாக்கணும்."

நெட்டை சார் அடுப்பை அணைத்தார். சூடு இறங்க இறங்க எண்ணிக்கொண்டே இருந்தோம். எண்பத்தைந்து, எண்பது. மூடுபனி நடுவை நோக்கிச் சுருண்டது. எழுபத்தெட்டைத் தொட்டபோது முதலில் மேல்மூலை ஒன்று வெளுத்தது. பிறகு அதன் எதிர்மூலை. யாரும் தள்ளாமல், யாரும் கூப்பிடாமல், கோடானுகோடி குருணைகள் இருட்டுக்குள் ஒன்றையொன்று தேடிப் பிடித்துக்கொண்டிருந்தன.

"சேந்துக்கிச்சு" என்றார் அண்ணி. அப்போதுதான் அவர் கண் கலங்கியது. "கோவம் போய்ச் சேந்துக்கிச்சுடி."

இரண்டு மாதம் கழித்து, நான் அனுப்பிய அறிக்கையை வைத்துக்கொண்டு தொழிற்சாலையில் அந்த வார்ப்பின் குறிப்புகளைப் புரட்டினார்கள். ஒரு சேர்மானம் தவறுதலாகக் கூடுதலாக விழுந்திருந்தது. மேற்பார்வையாளர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "திங்கக்கிழமையிலேர்ந்து சுத்தற மேசைக்கு வந்துடுங்க" என்று மட்டும் சொன்னார். அண்ணி உடனே கிளம்பிவிடவில்லை. புதிதாக வரும் ஒவ்வொரு ரோலிலும் ஒரு சாண் வெட்டி, தட்டையாகச் சுட்டு, நூறு டிகிரியில் சோதித்த பிறகுதான் தன் கைக்குக் கொடுக்க வேண்டும் என்றார். இரண்டு நாள் இழுத்தடித்து ஒத்துக்கொண்டார்கள்.

அதெல்லாம் பிறகு நடந்தது. கடைசி நாள் காலையில், எங்கள் அளவெடுப்பு முடிந்தும் மூன்று மணி நேரம் பாக்கியிருந்தது. நெட்டை சார் என்னை விட்டுவிட்டு நேராக அண்ணியிடம் போனார்.

"நீங்க சொல்லுங்கம்மா. இன்னும் என்ன பாக்கணும்?"

அண்ணி வெட்கப்படவில்லை. கேள்வியைத் தயாராக வைத்திருந்தவர் மாதிரி சொன்னார்: "நாம ஒண்ணும் பண்ணாம, சும்மா விட்டா அது என்ன பண்ணும்?"

நானும் நெட்டை சாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இத்தனை நாளும் ரிப்பனைக் காந்தத்தால் இழுத்துப் பிடித்தே படம் எடுத்திருந்தோம். மின்காந்தத்தைத் தண்டவாளத்தில் பின்னுக்கு உருட்டினோம். பச்சை நூல் ரிப்பன், சுற்றிலும் எதுவும் இல்லாமல், நியூட்ரான் பாதையில் தனியாக நின்றது.

"இப்ப எந்தக் காந்தமும் இல்லையா?" என்றார் அண்ணி.

"ஒண்ணு இருக்கு. பூமி. அதை மட்டும் நகத்த முடியாது."

"பூமி இழுத்தா இதுக்குத் தெரியுமா?"

"உங்க ரிப்பன் அவ்வளவு இணக்கம் அண்ணி. திசைகாட்டி முள்ளைத் திருப்பறதே, அந்த இழுப்பு போதும், இதுக்கும் உறைக்கும்."

அண்ணி கையிலிருந்த ஒரு வெட்டுத் துண்டை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். காலை வெயில் அதில் பட்டுச் சுவரில் ஆடியது. மெதுவாக ஒரு பக்கம் திருப்பினார், பிறகு மறுபக்கம். உள்ளே என்ன திரும்புகிறது என்று கேட்பது போலக் காதோரம் வைத்துப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை.

திரையில் புள்ளிகள் விழத் தொடங்கின. இதழ் இல்லை. அதுவரை நாங்கள் பார்த்த எதையும்விடப் பிரகாசமாக, நடுவில் ஒரு பெரிய ஒளி வட்டம் கனத்துக்கொண்டே போனது. எவ்வளவு பெரிய கூட்டங்களாகக் குருணைகள் சேர்ந்திருக்கின்றன என்று கணக்குப் போட உட்கார்ந்தேன். எங்கள் பலகையால் அளக்க முடிந்த எல்லையையே அது தாண்டிப் போயிருந்தது. நெட்டை சாரிடம் காட்டினேன். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"எவ்வளவு பெருசு?" என்றார் அண்ணி.

"தெரியல அண்ணி. இந்தக் கருவிக்கு எட்டல."

அவர் முகம் விரிந்ததைப் பார்க்க வேண்டுமே. தெரியாது என்று நான் சொன்னதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். நாற்காலியை இழுத்து எனக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"நிறுத்திடாத. கடைசி நிமிஷம் வரைக்கும் ஓடட்டும்" என்றார்.

மூன்று பேரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.